மாமாவுக்குச் சம்மதம்தான்

கால அந்தப் பக்கம் நகத்திக்கோங்கண்ணே, பெட்டி லேசாக் கசியுது. வெறும் ஐஸ் தண்ணிதான். மேல வைக்கலாம்னா கண்டக்டர் விட மாட்டேங்கிறாரு, யார் தலையிலயாச்சும் சொட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றதுங்கிறாரு. அவரு சொல்றதும் நியாயம்தான். இப்பெல்லாம் யாரு என்ன சொன்னாலும் நியாயமாத்தான்ணே தெரியுது எனக்கு. என் பக்க நியாயத்தக் கேக்கத்தான் ஆள் இல்ல.

நீங்க எதுவரைக்கும்? சிவகங்கையா? நல்லதாப் போச்சு. நான் கொன்னையேந்தல் விலக்குல இறங்கணும். மாமனார் ஊரு. வீட்டுக்காரி அங்கதான் இருக்கா, கூப்பிடத்தான் போறேன். பெட்டியில மீனுண்ணே. விரால் கொஞ்சம், கட்லா கொஞ்சம், கெண்டை கொஞ்சம். மார்க்கெட்ல போய் நின்னு பார்த்துப் பார்த்து வாங்கினது. இன்னிக்கு அந்த ஊர்ல மீன்பிடித் திருவிழா நடந்திருக்கணும். நடக்கல. சரி, மீனாச்சும் போய்ச் சேரட்டுமேன்னு எடுத்துட்டுப் போறேன். ஏண்ணே முகம் ஒரு மாதிரி ஆகுது? நாறாதுண்ணே, நல்ல மீனு.

ஏன் நடக்கலன்னா, அது பெரிய கதை. கேளுங்க. காலேஜ்ல யார்கிட்டயும் வாயத் திறக்க முடியாது, ஒண்ணு சொன்னா ஒன்பதா மேல போய்ச் சேரும். வீட்ல பேசலாம்னா வீடு பூட்டிக் கிடக்கு.

என் பேரு திருஞானம். ஒரு தனியார் பல்கலைக்கழகத்துல வாத்தியாரு. பேரு வேண்டாம், விடுங்க. வணிகவியல் எடுக்கிறேன். நிரந்தரம் இல்ல, ஒப்பந்தம். வருசா வருசம் புதுப்பிக்கிறப்ப ஜுரம் வந்த மாதிரி இருக்கும். அப்பத்தான் ஒருநாள் துணைவேந்தர் கூப்பிட்டாரு. "திருஞானம், நீங்க கிராமத்து ஆளுதானே? மக்கள் தொடர்பு, சுற்றுச்சூழல் மேம்பாடு, ரெண்டையும் நீங்க பார்த்துக்கோங்க"ன்னாரு. நான் எங்கண்ணே கிராமம்? திண்டுக்கல் டவுன்ல பொறந்து வளர்ந்தவன், எங்கப்பா தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு. ஆனா துணைவேந்தர் சொல்றப்ப இல்லன்னு சொல்ல முடியுமா? மாமனார் ஊரு கிராமம்தானே, ஆமாங்கய்யான்னுட்டேன்.

வேலை என்னன்னா, ஊரத் தத்தெடுக்கிறது. புள்ளைங்களக் கூட்டிட்டுப் போய், பச்சை பனியன் போட்டுவிட்டு, தெருக் கூட்டி, மரக்கன்னு நட்டு, மஞ்சப்பை கொடுத்து, தண்ணிய வீணாக்காதீங்கன்னு ஒரு தெரு நாடகம் போட்டுட்டு வரணும். கேலியா நினைக்காதீங்க, மனசாரச் செஞ்சேன். எங்க பல்கலைக்கழகத்துக்கு வெளியில இருந்து ஒரு குழு வந்து மதிப்பெண் போடும். கட்டடத்துக்குத் தனி, பாடத்துக்குத் தனி, சமூகத்துக்கு என்ன செஞ்சீங்கன்னு அதுக்குத் தனி. "அந்த மதிப்பெண்ண நீங்க வாங்கிக் கொடுங்க, நிரந்தர ஆணையை நான் வாங்கித் தரேன்"னு துணைவேந்தர் சொன்னாரு. வாய் வார்த்தைதான். ஆனா அவரு வாயில இருந்து வந்த வார்த்தை.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்ணே இவ்வளவும். எனக்குன்னு என்ன ஆசை? பாப்பாவ நல்ல பள்ளிக்கூடத்துல படிக்க வைக்கணும், பொற்கொடியோட ஒரு சொந்த வீட்ல இருக்கணும். பொற்கொடிதான் என் வீட்டுக்காரி. இதெல்லாம் அவளுக்காகத்தானேன்னு கேட்டா, "எனக்காக எங்க ஊர்க் கண்மாயை ஏன் அழிச்சீங்க"ங்கிறா. அழிச்சேனாம். தூர் வாரினதுக்குப் பேரு அழிச்சதாம்.

எந்த ஊரத் தத்தெடுக்கலாம்னு பேச்சு வந்தப்ப நானாத்தான் கொன்னையேந்தல்னு சொன்னேன். தெரிஞ்ச ஊரு, மாமனாருக்கு மரியாதை உள்ள ஊரு, ஒத்துழைப்பாங்கன்னு நினைச்சேன். பொற்கொடிக்கு அன்னிக்கு என்ன சந்தோசம் தெரியுமா? எங்க ஊருக்குச் செய்யப் போறீங்களான்னு பாப்பாவத் தூக்கிச் சுத்தினா. அவளே எங்க கூட வந்து, இது இன்னார் வீடு, இவங்கள அத்தைன்னு கூப்பிடுங்க, இவங்கள மாமான்னு கூப்பிடுங்கன்னு சொல்லிக் கொடுத்தா. எங்க புள்ளைங்களுக்கு வீட்டுக்கு வீடு மோர் கொடுத்தாங்க. நல்ல ஜனங்கதான்ணே. குறை சொல்லக் கூடாது.

கண்மாய்க்கு வருவோம். ஊருக்கு ஒரே கண்மாய். உள்ள பாதிக்குப் பாதி சேறு, கருவேல முள்ளு, கரையெல்லாம் பிளாஸ்டிக்கு. தூர் வாரணும்னு அவங்களே பல வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்ததுதான். மெசின் செலவு பல்கலைக்கழகமே ஏத்துக்கும்னு சொன்னோம். யாருக்குக் கசக்கும்? கைதட்டினாங்க. ஒரே ஒரு விசயம்தான் இடிச்சது. உள்ள தண்ணி கிடந்துச்சு, தண்ணிக்குள்ள மீனு கிடந்துச்சு.

அந்த ஊர் வழக்கம் என்னன்னா, மழைத் தண்ணியோட வந்த மீன ஒருத்தரும் தொட மாட்டாங்க. வருசம் பூரா வளரும். குத்தகைக்கும் விட மாட்டாங்க. வைகாசியில தண்ணி வத்தி முழங்காலுக்கு வந்ததும் ஒரு நாள் குறிப்பாங்க. சுத்துப்பட்டு ஊரெல்லாம் வரும், எல்லாச் சாதி சனமும் வரும். ஊத்தா தெரியுமில்ல, அடி திறந்த கூடை? அத வச்சுக்கிட்டுக் கரையில நிப்பாங்க. ஒரு ஆளு சாமி கும்பிட்டுட்டு வந்து கரை மேல ஏறி நின்னு வெள்ளைத் துண்ட வீசுவாரு. வீசினதும் அத்தனை பேரும் இறங்குவாங்க. புடிச்ச மீன விக்கக் கூடாது, வாங்கக் கூடாது. கட்டிக் கொடுத்த பொண்ணு வீடுகளுக்குக் கொடுத்தனுப்பணும். ஊரே மீன் குழம்பா மணக்கும். அப்படிச் செஞ்சாத்தான் அடுத்த வருசம் மழை பெய்யுமாம்.

அந்தத் துண்ட வீசுற ஆளுதான் எங்க மாமா. மூக்கையா. அவங்க அப்பா வீசினாரு, அதுக்கு முன்னாடி அவங்க தாத்தா. மடை திறக்கிறதும் அவங்க வீட்டு வார்த்தைதான். வேற சொத்து பத்து பெருசா ஒண்ணும் இல்ல. கொஞ்சம் வயலு, ரெண்டு மாடு. ஆனா மனுசன் கரை மேல ஏறி நின்னாருன்னா ஊரே அவரு கையைத்தான் பார்க்கும். கல்யாணமான முதல் வருசம் என்னையும் பக்கத்துல ஏத்தி நிக்க வச்சாரு. "எம் மாப்ள"ன்னு நாலு பேருகிட்டச் சொன்னாரு. எனக்கு வெயில் தாங்கல, சீக்கிரம் இறங்கிட்டேன்.

சரி. நாங்க மெசின் இறக்கணும்னு இருந்தது மாசி மாசம். குழு பங்குனியில வருதுன்னு தேதி வந்துருச்சு. குழு வர்றப்ப கண்மாய் தூர் வாரி, கரை கட்டி, கரை மேல மரக்கன்னு நட்டு, பெயர்ப்பலகை வச்சு முடிஞ்சிருக்கணும். வைகாசி வரைக்கும் யாரு காத்துக்கிட்டு இருக்கிறது? மடையத் திறந்து தண்ணிய வடிச்சாத்தான் மெசின் இறங்கும். பொற்கொடிகிட்டச் சொன்னேன். "வேண்டாங்க, துண்டு வீசி மீன் புடிச்சப்புறம் செய்யுங்க, அதுவரைக்கும் தண்ணியத் தொடாதீங்க"ன்னா. ஒரு தடவை சொன்னா. சரி, பல தடவை சொன்னா. பொம்பளைங்க பொறந்த வீட்டு விசயத்துல கொஞ்சம் அப்படித்தானேன்னு நான் எடுத்துக்கல.

மந்தையில ஊர்க்கூட்டம் போட்டாங்க. வேப்பமரத்தடியில எல்லாரும் உக்காந்திருந்தாங்க. நான் எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேன். அரசாங்க வேலை மாதிரி இழுக்காது, மளமளன்னு முடிச்சுருவோம், கரை மேல நடைபாதை வரும், பெஞ்சு வரும்னு சொன்னேன். காசிமாயன்னு ஒருத்தரு, கொஞ்சம் எடக்கான ஆளு, எந்திரிச்சு ஒரே கேள்விதான் கேட்டாரு. "மூக்கையா என்னய்யா சொல்றாரு?"

மாமா அன்னிக்கு அந்த ஊர்ல இல்ல. மதுரையில எங்க வீட்ல இருந்தாரு. கண் ஆபரேசன். நான்தான்ணே ஏற்பாடு பண்ணினேன், டாக்டர் எனக்குத் தெரிஞ்சவரு. கண்ணுல கட்டுப் போட்டு உள் ரூம்ல படுத்திருந்தாரு. காலையில நான் கிளம்புறப்பக்கூட "மாப்ள, ஊருக்கா போறீங்க? மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லுங்க"ன்னாரு. அப்பக் கேட்டிருக்கலாம். கேக்கலாம்னுதான் நினைச்சேன். ஆனா டாக்டர் என்ன சொல்லியிருக்காரு? மனச அலட்டிக்க விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. கண்ணுல கட்டோட இருக்கிற மனுசன்கிட்டப் போய்க் கண்மாயப் பத்திப் பேசினா அலட்டிக்க மாட்டாரா? அவரு நல்லதுக்குத்தான் கேக்கல.

அதனால மந்தையில, "மாமாவுக்குச் சம்மதம்தான்"னு சொன்னேன்.

அவ்வளவுதான்ணே நான் செஞ்சது. கேட்டிருந்தா அதத்தான் சொல்லியிருப்பாரு. மருமகனுக்கு ஒரு நல்லது நடக்கப் போகுதுன்னா எந்த மாமனாரு குறுக்க நிப்பாரு? நடந்திருக்கப் போற ஒண்ண முன்னாடியே சொன்னேன். ஊர்க்காரங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்த்தாங்க. "அவரே சொல்லிட்டாருன்னா நாம என்ன சொல்ல இருக்கு"ன்னு எந்திரிச்சுப் போனாங்க.

மடையத் திறந்தோம். தண்ணி ஓடைக்குள்ள போய் விழுந்த சத்தம் இருக்கே, எங்க புள்ளைங்க எல்லாம் கைதட்டுச்சு, வீடியோ எடுத்துச்சு. ரெண்டு நாள்ல தண்ணி வடிஞ்சு சேறு தெரிய ஆரம்பிச்சது. அதுல மீனுண்ணே. அப்படி ஒரு மீன நான் பார்த்ததே இல்ல. கண்மாய் பூரா துள்ளுது. விராலெல்லாம் கை மொத்தத்துக்கு இருக்கு. ஊர்சனம் வந்து கரையில நின்னுச்சு. நான் மைக்லயே சொன்னேன், "எல்லாரும் இறங்கிப் புடிச்சுக்கோங்க, இது உங்க மீனு, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்"னு. ஒரு ஆளு இறங்கலண்ணே. ஒரே ஒரு ஆளு.

துண்டு வீசலையாம். துண்டு வீசாமத் தண்ணிக்குள்ள கால வைக்க மாட்டாங்களாம். தண்ணியே இல்ல, சேறுதானேன்னேன். நானே என் கைக்குட்டைய எடுத்து வீசிப் பார்த்தேன், மாப்ளதானே, செல்லாதான்னு. ஒரு பொம்பளை வாயில முந்தானைய வச்சுக்கிட்டு அழுதுச்சு. எங்க பசங்க சிரிச்சுட்டாய்ங்க. அது தப்புத்தான். நான் அப்பவே அதட்டினேன்.

அப்புறம் என்ன, வெயில். ஒரே நாள்ல எல்லாம் வெள்ளை வயிறத் திருப்பிருச்சு. கொக்கும் நாயும் எவ்வளவு திங்கும்? நாத்தம் தாங்கல. புள்ளைங்களுக்கெல்லாம் முகக்கவசம் வாங்கிக் கொடுத்து, மெசின வச்சு ஒரு ஓரமாப் பெரிய பள்ளம் தோண்டி, தள்ளி மூடினோம். சுகாதாரமா, முறையாத்தான் செஞ்சோம். அதையும் அறிக்கையில கழிவு மேலாண்மைங்கிற தலைப்புல சேர்த்திருக்கேன்.

போன்ல படம் இருக்கு, பாருங்க. டிரோன வச்சு எடுத்தது. இது முன்னாடி, இது பின்னாடி. கரை எப்படி நறுக்குன்னு இருக்கு பாருங்க. முன்னாடி படத்துலதான் தண்ணி இருக்கு, அது வேற விசயம். மழை பெஞ்சா நிறையப் போகுது. அதுவரைக்கும் மாட்டுக்குத்தான் கொஞ்சம் சிரமம். கரையில நட்ட கன்னுக்குத் தண்ணி ஊத்த நாங்க லாரி விடுறோமில்ல, அது பின்னாடியே ஆடும் மாடும் ஓடி வருது. டிரைவர் பாவம் பார்த்து ஊத்தப் போயி பாதிக் கன்னு காஞ்சு போச்சு. இதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.

மாமாவக் கட்டுப் பிரிச்சு ஊருக்கு நான்தான் காருல கூட்டிட்டுப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரு. வழியில வாயே மூடல. மரமெல்லாம் தனித்தனியாத் தெரியுது மாப்ள, போர்டெல்லாம் தெரியுது மாப்ளன்னு வந்தாரு. சொல்லிருவோமான்னு நினைச்சேன். ஆனா மனுசன் அவ்வளவு சந்தோசமா இருக்கிறப்ப எப்படிண்ணே சொல்றது?

கண்மாய்க் கரைகிட்ட வந்ததும் கார நிறுத்தச் சொன்னாரு. இறங்கினாரு. கண்ணாடியக் கழட்டினாரு. ரொம்ப நேரம் நின்னு பார்த்தாரு. கண்ணு ரெண்டும் செக்கச் செவேல்னு இருந்துச்சு, ஆபரேசன் பண்ணின கண்ணு, வெயில் படக் கூடாது, "மாமா கண்ணாடியப் போடுங்க"ன்னேன். காதுல வாங்கல. அதுக்குள்ள அங்கிட்டு இருந்து காசிமாயனும் நாலஞ்சு பேரும் வந்துட்டாங்க. எங்க புள்ளைங்க கன்னு நட்டுக்கிட்டு இருந்தாங்க, கூட இன்னொரு வாத்தியாரு வேற. காசிமாயன் கேட்டாரு. "ஏப்பா மூக்கையா, துண்டு வீசக்கூட வராம மடையத் திறந்துக்கச் சொன்னியாமே. நீயா சொன்ன?"

எனக்கு உசுரே இல்லண்ணே. மாமா காசிமாயனப் பார்த்தாரு. அப்புறம் என்னப் பார்த்தாரு. என் பின்னாடி நிக்கிற புள்ளைங்களப் பார்த்தாரு. "ஆமா. நான்தான் சொன்னேன்"னாரு.

பார்த்தீங்களா? அவரே சொல்லிட்டாரு. எங்க ஆபீஸ்ல இதுக்குப் பின்னேற்புன்னு பேரு. வேலைய முதல்ல முடிச்சுட்டு ஒப்புதல அப்புறமா வாங்குறது. எல்லா இடத்துலயும் நடக்கிறதுதான். நான் சொன்னது அப்பப் பொய்யா இருந்திருக்கலாம், அவரு வாயில இருந்து வந்ததும் நிசமாயிருச்சுல்ல. எனக்கு அப்படியே பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. "ரொம்ப நன்றி மாமா"ன்னு சொன்னேன். கார்ல ஏறல. வீட்டுக்கு நடந்தே போனாரு.

பொற்கொடிதான் விடல. அப்பா நம்ம வீட்லதானே படுத்திருந்தாரு, நான்தானே பக்கத்துல இருந்தேன், எப்பக் கேட்டீங்க, எப்பச் சொன்னாருன்னு புடிச்சுக்கிட்டா. சரி, கேக்கல, இப்ப என்ன, அவரே ஒத்துக்கிட்டாரேன்னேன். அவ என்னப் பார்த்த பார்வை இருக்கே. "அத்தனை பேரு முன்னாடி மருமகன் பொய்யன்னு அவரு சொல்லணுமா? அதுக்குப் பதிலா தன் தலையில போட்டுக்கிட்டாருங்க"ன்னா. அவளுக்கு அவங்க அப்பா மேல பாசம் ஜாஸ்தி. அதனால அப்படித் தெரியுது.

அதுக்கப்புறம்தான் ஊர்க்காரங்க வேலையக் காட்ட ஆரம்பிச்சாங்க. மாமா டீக்கடைக்குப் போனா பேச்சு நின்னுருமாம். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயில் வரி பிரிக்க வந்தவங்க அவரு வீட்ட மட்டும் விட்டுட்டுப் போயிட்டாங்களாம். மனுசன் காச எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போயிருக்காரு. வேண்டாம்னுட்டாங்களாம். இத பொற்கொடி சோறு திங்கிறப்பச் சொன்னா. நான் அவ மனசத் தேத்தலாம்னு, "விடு, காசு மிச்சம்தானே"ன்னேன். தட்ட அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. மறுநாள் பாப்பாவக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போனவதான்.

அவ கேக்குறது ஒண்ணே ஒண்ணுதாண்ணே. மந்தையில வந்து நின்னு, "மாமாகிட்ட நான் கேக்கல, நானாத்தான் சொன்னேன்"னு சொல்லணுமாம். ஒரு நிமிச வேலைதானேங்கிறா. அவளுக்கு என்ன தெரியும்? நான் அப்படிச் சொன்னா என்ன ஆகும்? ஊர்ச் சம்மதம்னு நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் பொய்யாயிரும். துணைவேந்தர் முகத்துல எப்படி முழிப்பேன்? ஆணை போயிரும், வேலையே போயிரும். இவளுக்காகத்தானே வேலை, இவளே வேலைய விடச் சொன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது? "குழு வந்துட்டுப் போகட்டும், அப்புறம் எங்க வேணும்னாலும் வந்து நிக்கிறேன்"னேன். தினமும் போன் பண்ணுவேன். "வர்றீங்களா?"ம்பா. "குழு வரட்டும்"பேன். வச்சிருவா. பாப்பாகிட்டக் கொடுன்னா, விளையாடப் போயிருக்கும்பா. எந்நேரம் கேட்டாலும் விளையாடத்தான் போயிருக்கும்.

இதுல கொடுமை என்ன தெரியுமாண்ணே? குழு பங்குனியில வரல. தேதி மாத்திட்டாங்க. ஆடி மாசம்தான் வருதாம். சித்திரை போச்சு, வைகாசியும் வந்துருச்சு. பொறுத்திருந்தா தண்ணியும் வத்தியிருக்கும், மீனும் புடிச்சிருப்பாங்க, துண்டும் வீசியிருப்பாரு, அப்புறமா மெசின இறக்கியிருக்கலாம். இத நினைச்சு நினைச்சு நான் ராத்திரி பூரா தூங்குறதில்ல. எனக்கு எவ்வளவு பெரிய ஏமாத்தம் பாருங்க. ஒருத்தருக்காச்சும் என் மேல இரக்கம் வருதா?

காலையில அவளே போன் பண்ணினா. இன்னிக்குத்தான் திருவிழா நாளு, மீன் இல்லன்னாலும் சாமி கும்பிட ஊர் கூடுதாம். அப்படியே அந்தத் துண்டு உரிமைய எங்க மாமா வீட்ல இருந்து எடுத்து வேற வீட்டுக்குக் கொடுக்கிறதப் பத்திப் பேசப் போறாங்களாம். "இன்னிக்கு வந்து சொன்னீங்கன்னா அப்பாவுக்கு அது மிஞ்சும். இன்னிக்கு விட்டா அவ்வளவுதான். உங்கள நான் கடைசியாக் கேக்குறேன்"னா. அழுதா. எனக்கும் அழுகை வந்துருச்சுண்ணே. வர்றேன், கண்டிப்பா வர்றேன்னு சொன்னேன்.

அதான் கிளம்பிட்டேன். பஸ்ஸ விட்டுராமத்தான் கிளம்பினேன், மார்க்கெட்லதான் கொஞ்சம் நேரமாயிருச்சு. என் திட்டம் என்னன்னா, போனதும் எல்லார் வீட்டுக்கும் மீன் கொடுத்திருவோம். பேச்சு கொஞ்சம் இளகும். அப்புறம் பல்கலைக்கழகத்துச் சார்பா மாமாவுக்கு ஒரு பொன்னாடை, பையில வச்சிருக்கேன், அதப் போர்த்தி, "இவரு ஒத்துழைப்பு இல்லன்னா இது நடந்திருக்காது"ன்னு நாலு வார்த்தை பேசுறது. மரியாதைக்கு மரியாதை. கேட்டேன், கேக்கலங்கிற பேச்சுக்கே போக வேண்டியதில்ல. வருத்தம்னு வேணும்னா பொதுவா ஒண்ணு சொல்லிக்கலாம். ஏண்ணே, சரியா வராதுங்கிறீங்களா? வாங்கின மீன ஏத்துக்க மாட்டாங்களா? அட, மீன்ல என்னண்ணே இருக்கு?

இருங்க. போன். அவதான்.

ஹலோ. சொல்லும்மா. வந்துட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன், வரிச்சியூர் தாண்டியாச்சு. என்னது? எப்ப? அதுக்குள்ளயா? நான்தான் வர்றேன்னேனே. சரி. சரி. அவரேவா? அவரே எந்திரிச்சா? யாரும் கேக்காமயா? அப்ப எல்லாரும் இருந்தாங்களா? என் பேரு ஏதும் சொன்னாரா? ஹலோ. பொற்கொடி. ஹலோ.

வச்சுட்டா.

முடிஞ்சிருச்சாம்ணே. காலையிலயே கூடிட்டாங்களாம். யாரும் பேச்ச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மாமாவே எந்திரிச்சு, தோள்ல கிடந்த துண்ட எடுத்து மடிச்சு சாமி முன்னாடி வச்சுட்டாராம். "தப்பு எங்க வீட்டுத் தப்பு, இனிமே வேற யாராச்சும் வீசுங்க"ன்னு சொன்னாராம். காசிமாயனே வேண்டாம்யா, எடுத்துக்கோய்யான்னு கையப் புடிச்சாராம். கேக்கலையாம். போய் மாட்டுக் கொட்டத்துல உக்காந்திருக்காராம்.

அப்ப நான் மந்தையில பேச வேண்டியதில்ல. ஒரு வகையில நல்லதுதான், இல்லண்ணே? வேலைக்கும் ஆபத்தில்ல. எங்க வீட்டுத் தப்புன்னுதானே சொல்லியிருக்காரு, மருமகன் தப்புன்னு சொல்லலையே. அதத்தானே நான் கேட்டேன், என் பேரு சொன்னாரான்னு. முதல்ல அதக் கேட்டிருக்கக் கூடாதோ? மாமா எப்படி இருக்காருன்னு கேட்டிருக்கணும். கேக்கணும்னுதான் வாய் வந்துச்சு, இது முந்திக்கிருச்சு. திருப்பிப் போடுறேன், எடுக்க மாட்டேங்கிறா. பாருங்க, அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுக்க மாட்டேங்கிறாண்ணே. வேலைய வச்சுக்கிட்டு நான் என்னண்ணே பண்ணுவேன், யாருக்குச் சமைச்சு யாரு திங்கிறது?

கண்டக்டர் கொன்னையேந்தல் விலக்குன்னு கூப்பிடுறாரு. கேக்குது. நீங்க காலத் தூக்க வேண்டாம், இருங்க. விசில் கொடுத்துட்டாரு. போகட்டும்.

நான் கேட்டதுக்கு அவ பதில் சொல்லிட்டுத்தாண்ணே வச்சா. "அப்பா உங்க பேரச் சொல்லல. இனிமே எங்க வீட்லயும் யாரும் சொல்ல மாட்டோம்"னா. கோவமாச் சொல்லியிருந்தாக்கூட நான் இறங்கிப் போயிருப்பேன். அழுதுக்கிட்டே சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். கடையில என்ன வாங்கணும்னு சொல்ற மாதிரி, சாதாரணமாச் சொன்னாண்ணே.